மணலிலிருந்து மின்திரை வரை: பதில் சொல்லும் புத்தகத்தின் வரலாறு



இந்தக் காலத்துப் புத்தகம் பேசுகிறது. படத்தில் உள்ள மாட்டைத் தொட்டால் மாடு கத்துகிறது. எழுத்தைத் தொட்டால் எழுத்தின் ஒலி வருகிறது. நான்கு விடைகளில் ஒன்றை அழுத்தினால், 'சரி' என்று நட்சத்திரம் மின்னுகிறது. இதைப் பார்க்கிற நம்ம பாட்டிமார், "எங்க காலத்துல புத்தகம் வாயில்லாப் பூச்சி. இப்ப அதுவே வாத்தியாரா ஆயிடுச்சு" என்று வியக்கிறார்கள். பெற்றோரில் சிலரோ, "பிள்ளை கைப்பேசியும் கையுமா கிடக்குதே, இது படிப்பா, விளையாட்டா?" என்று கவலைப்படுகிறார்கள். வியப்பும் கவலையும் இரண்டுமே நியாயமானவைதாம்.

ஆனால் ஒரு கேள்வி. புத்தகம் நேற்று வரை உண்மையிலேயே வாயில்லாப் பூச்சியாகத்தான் இருந்ததா? படிப்பவர் ஏதேனும் செய்தால் அதற்கேற்ப நூலும் ஏதேனும் செய்வதை 'ஊடாடுதல்' என்று இன்று சொல்கிறார்கள். இந்த ஊடாடும் நூல் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா? இல்லை என்கிறது வரலாறு. அந்த வரலாற்றில் நம் தமிழுக்கும், நம் மலேசிய நாட்டுக்கும் பங்கு உண்டு. அதை அறிந்துகொண்டால், பிள்ளையின் கையில் இருக்கும் கருவியை நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதும் விளங்கும்.

மணலே முதல் திரை

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஓலைச்சுவடி விலை மதிப்புள்ளது. ஏட்டில் எழுத்தாணியால் கீறிவிட்டால் அழிக்க முடியாது. ஆகவே பழகும் பிள்ளைக்கு ஓலை கொடுக்கமாட்டார்கள். தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' எழுதச் சொல்வார்கள். தப்பா? ஒரே தடவு, மணல் மட்டமாகிவிடும். மறுபடி எழுதலாம். விரலால் தொட்டு எழுதுவது, அழிப்பது, மீண்டும் எழுதுவது என்று இன்று கண்ணாடித் திரையில் பிள்ளைகள் செய்யும் வேலையை அன்றைக்கே மணலில் செய்தோம்.

மணல் தானாகப் பதில் சொல்லாது. பதில் சொல்ல ஆள் இருந்தார். ஆசிரியருக்கு அடுத்தபடியாகச் 'சட்டாம்பிள்ளை' என்று ஒரு பெரிய மாணவன் இருப்பான். அவன் சொல்லச் சொல்லச் சின்னப் பிள்ளைகள் எழுதுவார்கள். எண்சுவடி வாய்ப்பாட்டை அவன் ஒரு வரி சொன்னால், இவர்கள் மறுவரி சொல்வார்கள். கேள்வியும் பதிலுமாகவே பாடம் நடந்தது.

இதன் அருமையை வெளிநாட்டார் கண்டுகொண்டார்கள். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த செர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்பவர் 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குத் தலைவரானார். ஒரு நாள் வழியில் நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்தார். முன்னே படித்த பிள்ளையைக் கொண்டு பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்து முழுதும் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பெயரை விளங்கவைக்கும் பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம் திண்ணை மணல் எங்கே போய்ச் சேர்ந்தது பார்த்தீர்களா!

அச்சில் புகுந்த வினாவும் விடையும்

தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள முதல் அச்சு நூல் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். மறு ஆண்டே, 1579-இல், கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. இரண்டும் அண்டிரிக் அடிகளாரின் முயற்சி. இரண்டாவது நூல், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காகப் போர்ச்சுகீசிய மொழியில் உரையாடல் வடிவில் எழுதப்பட்ட ஞான நூலின் தமிழாக்கம். குரு கேட்பார், சீடன் சொல்வான். ஆக, தமிழ் எழுத்து அச்சேறிய மறு ஆண்டிலேயே, கேள்வி கேட்கும் நூலும் அச்சேறிவிட்டது.

1835-ஆம் ஆண்டில் இந்தியாவில் அச்சகங்களின் மேல் இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. அதன்பின் தமிழர்கள் தாங்களே அச்சகம் வைத்தார்கள். யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களை அறியாதார் உண்டா? 1848-இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். பள்ளி இருந்தால் போதுமா, படிக்க நூல் வேண்டாமா? மறு ஆண்டு சென்னைக்குப் போய் அச்சு யந்திரம் வாங்கி வந்தார். படிப்படியாகக் கடினம் கூடும் 'பாலபாடம்' வரிசையை எழுதினார். 'சைவ வினாவிடை' எழுதினார். 'இலக்கணச் சுருக்கம்' நூலைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பின்னே 'தேர்வு வினாக்கள்' இருக்கும். படித்துவிட்டு மூடிவைக்க முடியாது. நூலே நம்மைப் பிடித்து நிறுத்தி, "சொல் பார்க்கலாம்" என்கிறது. இன்று பயிற்றியின் கடைசிப் பக்கத்தில் காணும் கேள்விகளுக்கு இவையெல்லாம் பாட்டன்மார்.

பஞ்சாங்கத்துச் சக்கரம்

பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் ஊடாடும் நூல் இருந்தது. நம்ம வீட்டுப் பஞ்சாங்கத்தில் சீதா சக்கரம், ராமர் சக்கரம் என்று கட்டம் போட்டிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? மனத்தில் ஒன்றை நினைத்து, கண்ணை மூடி, விரலை ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். அங்கே உள்ள எண்ணுக்கு உரிய பலனைக் கீழே தேடிப் படிக்க வேண்டும். பலன் பலிக்குமா என்பது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது அந்தப் பக்கத்தின் அமைப்பு. படிப்பவர் எங்கே தொடுகிறாரோ, அதற்கேற்ப வேறு வேறு பதில் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் விரலை வைத்துவிட்டு, "அய்யா, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு" என்று பேரனிடம் நீட்டினார். பேரன் வாசித்தான். ஒரு புத்தகம், ஒரு விரல், ஒரு துணை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

புலவர்களும் சும்மா இருக்கவில்லை. சித்திரகவி என்று ஒரு வகை உண்டு. தேர் வடிவிலும், பின்னிக் கிடக்கும் பாம்புகளின் வடிவிலும் கட்டம் வரைந்து எழுத்துகளை அடைப்பார்கள். எங்கே தொடங்கி எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று வாசகர்தாம் வழி கண்டுபிடிக்க வேண்டும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி போடுகிறது. அரசன் பதில் சொல்லுமுன் கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் மனத்துக்குள் ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறோம் அல்லவா? கதையே நம்மைப் படிப்பாளியாக மட்டும் இருக்கவிடாமல் பங்காளியாகவும் ஆக்குகிறது.

லயத்தில் வாசித்த குரல்

இனி நம் மலாயா மண்ணுக்கு வருவோம். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதிலிருந்து இந்நாட்டில் தமிழ்க்கல்வியைக் கணக்கிடுகிறோம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு பலகை, ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். புத்தகமோ கப்பல் ஏறி வர வேண்டும். ஒரே புத்தகத்தை நான்கு தலைகள் குனிந்து படித்த காலம் அது.

1924-இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பிறந்தது. 2019-இல் நிற்கும்வரை தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' தொடங்கினார். ஒரு பத்திரிகை லயத்துக்கு வந்தால், எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். பத்துப் பேர் சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். "அது எந்த ஊரு? ஏன் அப்படிச் செஞ்சாங்க?" என்று இடையிடையே கேட்பார்கள். வாசிப்பவர் நிறுத்தி விளக்குவார். தாளில் இருந்த செய்தி இப்படித்தான் பேச்சாக மாறியது.

1950-களில் தமிழ் முரசு 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை நடத்தியது. பிள்ளைகள் உறுப்பினராகச் சேர்ந்தார்கள், எழுதி அனுப்பினார்கள், தங்கள் பெயர் அச்சில் வந்ததைக் கண்டு துள்ளினார்கள். அதில் எழுதிப் பழகியவர்கள் பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உருவானார்கள். மணிமன்றம் என்ற பெயரில் இளைஞர் இயக்கமே இந்நாட்டில் வளர்ந்தது. வாசகர் எழுதியதை வாங்கிக்கொண்டு, அதையே மறுபடி வாசகருக்குக் கொடுத்த அந்தப் பக்கத்தைவிடச் சிறந்த ஊடாடும் பக்கம் எது?

நம் புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்ற காலத்துத் தாள் கூம்பை மறந்துவிட முடியுமா? பழைய பத்திரிகையைச் சுருட்டிக் கடலையைப் போட்டுத் தருவார்கள். கடலை தீர்ந்ததும் கூம்பைப் பிரித்து, பாதிச் செய்தியைப் படித்து, மீதியை நாமே கற்பனை செய்துகொள்வோம். படிக்கும் ஆசை இருந்தால் கிழிந்த தாளும் புத்தகம்தான்.

மேலை நாட்டில் நடந்தது

உலகின் மறுபுறமும் இதே தேடல் இருந்தது. 1658-இல் நியூரம்பர்க் நகரில், கொமேனியஸ் என்னும் செக் நாட்டு அறிஞர் பிள்ளைகளுக்கான படநூல் ஒன்றை வெளியிட்டார். படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எண்; பக்கத்தில் அதே எண்ணுக்கு உரிய சொல், இலத்தீனிலும் செர்மானியத்திலும். பிள்ளை படத்துக்கும் சொல்லுக்குமாக விரலை ஓட்டிப் படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரத்து ஓவியர் மெகெண்டோர்ஃபர், தாள் நாக்கை இழுத்தால் படத்தில் கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் அசையும்படி நூல்கள் செய்தார்.

1958 முதல் அமெரிக்காவில் நார்மன் கிரவுடர் என்பவரின் முறையில் சில பாடநூல்கள் வந்தன. இவற்றை வரிசையாகப் படிக்க முடியாது. ஒரு பாடம், அதன் கீழே ஒரு கேள்வி, சில விடைகள், ஒவ்வொரு விடைக்கும் ஒரு பக்க எண். சரியான விடையைத் தேர்ந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். தவறான விடையைத் தேர்ந்தால், அந்தப் பக்கம் உங்களைத் திட்டாது. நீங்கள் எங்கே சறுக்கினீர்கள், ஏன் அது தவறு என்று விளக்கி, மறுபடி கேள்வி இருந்த பக்கத்துக்கே அனுப்பும். இதைக் கவனியுங்கள். வெறும் காகிதத்தாலான அந்த நூல், 'தவறு' என்பதோடு நிற்காமல் 'ஏன் தவறு' என்றும் சொன்னது. 1979-இல் எட்வர்டு பேக்கர்டு எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' என்ற கதைநூல் வந்தது. குகைக்குள் போவதா, திரும்புவதா என்று படிக்கும் பிள்ளையே முடிவு செய்து அதற்குரிய பக்கத்தைப் புரட்ட வேண்டும். கதைக்குப் பல முடிவுகள். நம் சீதா சக்கரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்!

திரைக்குள் புகுந்த நூல்

1971-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள், அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற இளைஞர் தம் நாட்டு விடுதலைப் பிரகடனத்தைக் கணினியில் தட்டெழுதிப் பிறர் எடுத்துக்கொள்ள வைத்தார். 'குட்டன்பர்க் திட்டம்' அப்படிப் பிறந்தது. மறு ஆண்டு, 1972-இல், ஆலன் கே என்ற அறிஞர் பிள்ளைகள் கையில் ஏந்திப் போகக்கூடிய புத்தக அளவுக் கணினி ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். புல்வெளியில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதுபோல் படமும் வரைந்தார். கவனியுங்கள், ஒரு பிள்ளை அல்ல, இரண்டு பிள்ளைகள்!

1992-இல் 'ஜஸ்ட் கிராண்ட்மா அண்ட் மீ' என்ற குறுவட்டு நூல் வந்தது. பாட்டியும் பேரனும் கடற்கரைக்குப் போகும் கதை. படத்தில் எதை அழுத்தினாலும் அது ஆடும், பாடும். ஆங்கிலம், ஸ்பானியம், சப்பானியம் என்று மூன்று மொழிகளில் கதை கேட்கலாம். 2010-இல் ஐபேட் வந்தபின் சுட்டெலியும் தேவையில்லாமல் போயிற்று. விரலே போதும். மணலில் தொடங்கிய விரல், கண்ணாடியில் வந்து நின்றது.

தமிழ் திரையேறிய கதை

சரி, அந்தக் குறுவட்டில் மூன்று மொழி இருந்தது, தமிழ் இருந்ததா? இல்லை. கணினி தமிழ்நாட்டிலோ தஞ்சோங் மாலிமிலோ பிறந்ததல்லவே! அதற்கு 'அ' என்றால் என்னவென்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? நம்மவர்கள்தாம்.

நம் மலேசியர் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' என்னும் தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆகி, உலகெங்கும் தமிழர் கணினியில் அமர்ந்தது. 2005-இல் அவருடைய 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தது. நீங்கள் இன்று பேத்திக்குத் தமிழில் ஒரு செய்தி தட்டி அனுப்புகிறீர்கள் என்றால், அந்த வசதிக்குப் பின்னே ஒரு மலேசியத் தமிழரின் பல்லாண்டு உழைப்பு உண்டு. இதைப் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995-இல் இணையத்தில் தமிழ்ப் பக்கம் ஏறப் பாடுபட்டார். 1997-இல் அங்கே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2001-இல் நம் கோலாலம்பூரில் கூடியது. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள், சம்பளம் வாங்காமல், ஆளுக்கொரு நூலாகத் தட்டெழுதிச் சேர்த்தார்கள். அந்த வரிசையின் முதல் நூல் திருக்குறள். 2015-இல் இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையத்தளத்தைத் திறந்தது. அதில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். வேற்றுமொழிக் கதையை நாமே தமிழாக்கலாம். படத்தை வைத்துப் புதுக்கதையும் எழுதலாம். பழைய மாணவர் மணிமன்றம் புதுச்சட்டை போட்டு வந்ததுபோல் இருக்கிறது. 2018-இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமான கியூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டது. கைப்பேசியைக் காட்டினால் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். இங்கே அச்சும் திரையும் கைகோத்துக்கொண்டன.

நம் பள்ளிகளில் நடந்தது

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி 1972-ஆம் ஆண்டு சூன் 19-ஆம் நாள் வந்தது. 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. ஏழைப் பெற்றோருக்கு அது பெரிய உதவி. ஆனால் இரவல் நூலில் கிறுக்கக் கூடாது. அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு அது போக வேண்டும். ஆகவே எழுதிப் பழகத் தனிப் பயிற்றி வேண்டியிருந்தது.

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடக்கம். ஆசிரியருக்கு மடிக்கணினி, ஒளிவீசி, பாடக் குறுவட்டு எல்லாம் வந்தன. வண்ணப் படம் அசைந்தது, கேள்வி கேட்டது, பதில் சொன்னது. கருவியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பேசியது ஆங்கிலம். முதலாம் வகுப்பில் காலெடுத்து வைத்த தோட்டத்துப் பிள்ளைக்கு, அசையும் படம் புரிந்தது. பேசும் பாடம் புரியவில்லை. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, அப்பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. இதிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். பேசும் நூல், தன்னைச் செய்தவரின் மொழியைத்தான் பேசும். நாம் செய்யாவிட்டால் அது நம் மொழியைப் பேசாது.

அடுத்து 2020. மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. சூன் மாதம் கல்வியமைச்சின் 'டெலிமா' இணையக் கற்றல் தளம் வந்தது. எல்லாரும் இயங்கலையில் படிக்கலாம் என்றார்கள். கல்வியமைச்சு அந்த ஆண்டு பெற்றோரிடம் எடுத்த கணக்கின்படி, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தபிறகுதான் என்ற வீடுகள் எத்தனை! செம்பனை மரங்களுக்கு நடுவே அலைவரிசை கிடைக்கும் ஒரு மேட்டைத் தேடி நின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பயிற்சித் தாள்களை அச்சடித்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோன ஆசிரியர்கள் பலர். மின்திரை கைவிட்ட இடத்தில் காகிதம் கைகொடுத்தது.

நட்சத்திரம் போதுமா?

இப்போது கருவி ஓரளவு பரவிவிட்டது. 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டதற்கெல்லாம் வாக்கியம் வாக்கியமாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. தமிழிலும் எழுதுகிறது, சில நேரம் தப்பையும் தைரியமாக எழுதுகிறது! புத்தகம் பதில் சொல்லும் கலையில் உச்சிக்கே போய்விட்டது என்று சொல்லலாம்.

ஆனால் வகுப்பில் நான் காண்பதைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தட்டைக் கணினியில் இலக்கணப் பயிற்சி செய்தான். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் என்ன? நான்கு விடைகள். முதலாவதை அழுத்தினான், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது 'மரங்கள்', நட்சத்திரம் மின்னியது! கைதட்டலும் கேட்டது. "ஏன்யா 'மரங்கள்' சரி?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஸ்டார் வந்துச்சு சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நட்சத்திரம் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தது. அவனையே இரண்டாம் ஆண்டுத் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். 'மரம்' என்பதில் 'ம்' எங்கே போனது என்று அவள் கேட்டாள். அவன் திணறினான், யோசித்தான், "'க' வந்தா 'ம்' போய் 'ங்' ஆயிடும். படம், படங்கள், குளம், குளங்கள்" என்று கண்டுபிடித்துவிட்டான். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் வேலையை அவன் அன்று செய்தான். ஆண்ட்ரூ பெல் கண்ட இரகசியமும் இதுதானே!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரைச் சுரைக்காயும் அப்படித்தான். மணலுக்குச் சட்டாம்பிள்ளை துணை. சக்கரத்துக்குப் பேரன் துணை. லயத்துப் பத்திரிகைக்குச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டவர்கள் துணை. நூல் எப்போதெல்லாம் பதில் சொன்னதோ, அப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். இந்தத் தலைமுறையில்தான் பிள்ளையைத் திரையோடு தனியே விட்டுவிட்டு, "அது பாட்டுக்குப் படிக்குது" என்று நாம் எழுந்து போகிறோம்.

பெற்றோர்களே! "எனக்குப் படிப்பு இல்லையே, நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?" என்று கேட்காதீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னம்மா? ஏன் அப்படி? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கும் முயற்சியிலேயே பிள்ளைக்குப் பாடம் ஏறிவிடும். இதற்குப் பணம் வேண்டாம், அலைவரிசை வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே! ஒன்றை மறவாதீர்கள். தமிழ் அச்சேறியதும் திரையேறியதும் தானாக நடக்கவில்லை. ஒருவர் எழுத்து வார்த்தார். ஒருவர் சென்னை வரை போய் யந்திரம் வாங்கினார். ஒருவர் கணினிக்கு எழுத்து கற்பித்தார். பலர் இரவில் கண்விழித்துத் தட்டெழுதினார்கள். அடுத்த வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது. திரையைத் தொடும் விரல், திரைக்குரிய தமிழ்க் கதையையும் தமிழ்ப் பாடத்தையும் எழுதும் விரலாகவும் மாற வேண்டும். உங்கள் தோட்டத்துக் கதையை, உங்கள் பாட்டியின் விடுகதையை, நம் புந்தோங்கின் வாழ்வை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

இன்று மேடை ஏறும் பிள்ளைகளில் பலர் புத்தகத்தைப் பரிசாகப் பெறுவார்கள். வீட்டுக்குப் போனதும் அதை அலமாரியில் வைத்துவிடாமல், இன்றிரவே ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் புத்தகம் அப்போதே பேசத் தொடங்கிவிடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளிகள்!